அப்பா வேலை செய்த இடம் எது? திருகோணமலைத் தொழிற்சாலைகளில் உழைத்த பெற்றோரின் தடத்தைத் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் தந்தை இருபது ஆண்டுகளுக்கு மேல் சீனக்குடாப் பக்கத்தில் பிட்டராக வேலை செய்தார். அவர் காலமான பின்னர், அவர் எந்த நிறுவனத்தின் ஊழியராக இருந்தார் என்பதை நிறுவுவதற்கு எனக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அந்த அலைச்சலை அறிந்த அயலவர்கள் தம் பெற்றோரைப் பற்றி என்னிடம் வந்து கேட்கத் தொடங்கினார்கள். பிறகு உவர்மலையிலிருந்தும் பாலையூற்றிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் வந்தார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தமையால், அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தருகிறேன்.

அப்பா "சீனக்குடாவில வேலை" எண்டு மட்டும்தான் சொல்லுவார். அது எந்தக் கொம்பனி?

சீனக்குடா என்பது ஒரு வேலைத்தலத்தின் பெயரன்று. எண்ணெய்க் குதங்கள், விமானத் தளம், புகையிரத நிலையம், மாவு ஆலை, சீமெந்து ஆலை ஆகிய யாவும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். ஆகவே முதலில் காலத்தைக் கொண்டு கழிக்க வேண்டும். எண்ணெய்க் குதங்கள் 1920களிலும் 1930களிலும் பிரித்தானியக் கடற்படைக்காகக் கட்டப்பட்டவை. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது அவற்றுள் ஒன்று எரிந்து அழிந்தது. பிரீமா மாவு ஆலை 1980இல் இயங்கத் தொடங்கியது. ஏ. வை. எஸ். ஞானம் அவர்கள் ஜப்பானிய மிட்சுயி நிறுவனத்துடன் கூட்டாகத் தொடங்கிய டோக்கியோ சீமெந்து நிறுவனம் 1982இல் பதிவாகி, 1984இல் உற்பத்தியை ஆரம்பித்தது. உங்கள் தந்தை 1975இல் சீனக்குடாவில் வேலைக்குப் போனதாக உறுதியாகத் தெரிந்தால், மாவு ஆலையும் சீமெந்து ஆலையும் அப்பொழுதே பட்டியலிலிருந்து நீங்கிவிடுகின்றன.

இடப்பெயர்களிலும் கவனம் தேவை. கொட்பே, வெள்ளைமணல், கப்பல்துறை என்று வீட்டில் தனித்தனியாகச் சொல்லப்படும் இடங்கள் காகிதத்தில் "சீனக்குடா" என்றே எழுதப்பட்டிருக்கலாம். சிங்களக் கடிதங்களில் அதே இடம் "சீன வராய" என்று வரும்.

ஒரு கடதாசியும் இல்லை. எல்லாம் இடப்பெயர்வில போயிட்டுது. எங்கயிருந்து தொடங்கிறது?

உங்கள் சொந்தப் பிறப்புச் சான்றிதழிலிருந்து தொடங்குங்கள். நம் நாட்டுப் பிறப்புப் பதிவில் தந்தையின் தொழிலைக் குறிக்கும் இடம் உண்டு. அதைப் பெரும்பாலானோர் ஒருமுறைகூட வாசித்ததில்லை. உங்களுடையதை மட்டுமன்றி, உடன்பிறந்தோர் அனைவருடையதையும் எடுத்து, பிறந்த ஆண்டு வரிசையில் மேசைமேல் அடுக்கிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அண்ணனின் சான்றிதழில் "கூலி" என்றும், என்னுடையதில் "பிட்டர்" என்றும், தங்கையுடையதில் "மெக்கானிக்" என்றும் இருந்தது. தந்தை எந்த ஆண்டுகளுக்கிடையில் தொழில் கற்றுத் தேறினார் என்பதை அந்த மூன்று தாள்களும் எனக்குச் சொல்லின. அவற்றை அடுக்கிய அன்று நான் நெடுநேரம் எழும்பாமல் இருந்தேன்.

பெற்றோரின் திருமணப் பதிவில் மணமகனின் தொழில் மட்டுமன்றி, இரு தரப்புத் தந்தையரின் தொழிலும் எழுதப்பட்டிருக்கும். பாட்டனாரும் டொக்யாட்டில் (கடற்படைக் கப்பல் திருத்தும் தளத்தில்) வேலை செய்தவரா என்ற கேள்விக்கு விடை சில வேளைகளில் அங்கேயே கிடைத்துவிடும். இறப்புச் சான்றிதழிலும் தொழில் குறிக்கப்படும். மூலப் பிரதிகள் தொலைந்திருந்தாலும், நிகழ்வு பதியப்பட்ட பிரிவுக்குரிய பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பிரதி பெறலாம்.

அடுத்தது வீட்டுப் பொருட்கள். பழைய நாட்காட்டி, தொழிற்சங்கச் சந்தா அட்டை, விளையாட்டுப் போட்டியில் கிடைத்த கிண்ணம், சீருடைத் தொப்பி, கருவிப் பெட்டி ஆகிய எதையும் பயனற்றது என்று ஒதுக்காதீர்கள். என் தந்தையின் ஸ்பேனர்கள் ஒவ்வொன்றிலும் 214 என்று உளியால் வெட்டப்பட்டிருந்தது. அது அளவு எண் என்று பல ஆண்டுகள் நினைத்திருந்தோம். அது என்ன என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

அம்மாவுக்கு வருசம் ஒண்டும் நினைவில்லை. எப்பிடிக் கேக்கிறது?

ஆண்டைக் கேட்காதீர்கள், நிகழ்ச்சியைக் கேளுங்கள். 1964 மார்கழிச் சூறாவளியின்போது அப்பா எங்கே நின்றார், 83 கலவரத்துக்கு முன்னரா பின்னரா வேலை மாறினார், 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளம் உடைந்தபோது வேலைக்குப் போகும் வழி தடைப்பட்டதா, 90இல் இடம்பெயர்ந்து திரும்பி வந்த பின் அதே வேலை கிடைத்ததா, 2004 சுனாமி நாளில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாரா என்று கேட்டால், ஆண்டை மறந்தவர்களும் தெளிவாகப் பதில் சொல்வார்கள். பிள்ளைகளின் பிறப்பும் நல்ல அளவுகோல்: "நீ வயிற்றில் இருந்தபோது அவருக்கு இரவு ஷிப்ட்" என்ற ஒரு வாக்கியம் தேடலைப் பத்து ஆண்டிலிருந்து ஓர் ஆண்டுக்குக் குறுக்கிவிடும்.

அப்பா டொக்யாட்டில வேலை செய்தவர். ஈ.பி.எப். கணக்கில பேர் இருக்குமா?

பிரித்தானியர் காலத்து டொக்யாட் என்றால் இருக்காது. திருகோணமலைக் கடற்படைத் தளம் 1957 ஒக்டோபர் 15ஆந் திகதி இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. ஈ.பி.எப். எனப்படும் ஊழியர் சேமலாப நிதியின் சட்டமோ 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். ஒன்று முடிந்த பிறகே மற்றது பிறந்தது. இந்த இரண்டு ஆண்டுகளையும் அறியாமல் தொழில் காரியாலயத்துக்குப் பலமுறை அலைந்த முதியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

அட்மிரல்டி எனப்பட்ட பிரித்தானியக் கடற்படை நிர்வாகத்தின் பழைய ஆவணங்கள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் ஏ.டி.எம். (ADM) என்ற வரிசையில் உள்ளன. அவற்றின் பட்டியலை இணையத்தில் "ட்ரிங்கோமாலி" (Trincomalee) என்ற ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடலாம். ஆனால் அங்கே பெரும்பாலும் கட்டடங்கள், கப்பல் திருத்தம், நிர்வாகக் கடிதங்கள் போன்றவற்றையே எதிர்பார்க்க வேண்டும். நாட்கூலியாக நின்ற ஒருவரின் பெயர்வழிக் கோப்பு கிடைக்கும் என்று எண்ணிப் பணம் செலவழிக்க வேண்டாம். அந்தத் தலைமுறைக்கு உறுதியான சான்றாக அமைவது அநேகமாக மேலே சொன்ன திருமண, பிறப்புப் பதிவுகளும், வீட்டில் தப்பியிருக்கும் வேலைச் சான்றுக் கடிதமுமே.

1957க்குப் பின்னர் அதே மதிலுக்குள் இலங்கைக் கடற்படையின் சிவிலியன் ஊழியராகத் தொடர்ந்தவர்களின் நிலை வேறு. அவர்கள் அரச ஊழியர்கள். ஆகவே நிரந்தர நியமனம் பெற்றவர்களை ஓய்வூதியக் கோப்பின் வழியாகவும், விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய இலக்கத்தின் வழியாகவும் தேட வேண்டும்.

கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலை இப்ப காடு பத்திப் போய்க் கிடக்கு. மூடின இடத்தைப் பற்றி ஆரிட்டக் கேக்கிறது?

இயந்திரம் நின்றாலும், சட்டத்தின் பார்வையில் நிறுவனத்துக்கு ஒரு வாரிசு இருக்கும். அந்த வாரிசு யார் என்பதைத்தான் முதலில் அறிய வேண்டும். கந்தளாய் ஆலை 1960இல் இயங்கத் தொடங்கி 1993 அளவில் மூடப்பட்டது. அரச சீனிக் கூட்டுத்தாபனத்தின் கீழ் இருந்த ஆலைகள் பின்னர் கம்பனிகளாக மாற்றப்பட்டன. புல்மோட்டைக் கனிய மணல் கூட்டுத்தாபனமும் அவ்வாறே 1992இல் லங்கா மினரல் சாண்ட்ஸ் என்ற அரச கம்பனியாக மாறியது. துறைமுகத்தில் 1979 ஆகஸ்ட் 1ஆந் திகதி இலங்கைத் துறைமுக அதிகார சபை அமைந்தபோது, கொழும்புத் துறைமுக ஆணைக்குழு, துறைமுகச் சரக்குக் கூட்டுத்தாபனம், எண்ணிக்கை மற்றும் பாதுகாப்புச் சேவைகள் கூட்டுத்தாபனம் ஆகிய மூன்றும் அதனுள் இணைந்தன. எனவே 1972இல் துறைமுகத்தில் சுமை ஏற்றிய ஒருவரின் சம்பளச் சிட்டையில் "அதிகார சபை" என்ற சொல்லே இராது.

ஒவ்வொரு கைமாறுதலையும் ஆண்டுடன் ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் தந்தையின் ஆண்டுகள் எந்தப் பெயரின் கீழ் விழுகின்றன என்பதைக் குறித்துக்கொண்டு, அந்தப் பெயரின் இன்றைய வாரிசுக்கு எழுதுங்கள். ஒரே மனிதர் ஒரே ஆலையில் வேலை செய்தும் இரண்டு பெயர்களின் கீழ் வரலாம். மூடப்பட்ட நிறுவனமாயின், சொத்துகளையும் கோப்புகளையும் இன்று பொறுப்பில் வைத்திருக்கும் அமைச்சு எது என்பதையும் கேட்டறிய வேண்டும்.

ஈ.பி.எப். நம்பர் தெரியாது. நம்பர் இல்லாமல் ஒண்டும் செய்யேலாது எண்டு சொல்லினம்.

இலக்கம் இரண்டு பகுதிகளாலானது: தொழில்கொள்வோரின் இலக்கம் ஒன்று, அவரிடம் உங்கள் தந்தைக்குக் கொடுக்கப்பட்ட அங்கத்துவ இலக்கம் மற்றொன்று. முதற்பகுதி கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியது போலாகும். ஏனெனில் அதே இடத்தில் வேலை செய்த வேறு எவருடைய பழைய சிட்டையிலும் அந்தப் பகுதி ஒன்றாகவே இருக்கும். அயலில் உள்ள ஒரு நண்பரின் சம்பளச் சிட்டையைப் பார்த்தே பலர் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பழைய அங்கத்தவர்களிடம் "பி அட்டை" என்ற தாள் இருக்கும். வீட்டில் அதைக் காப்புறுதிப் பத்திரங்களுக்கிடையில் தேடுங்கள்.

இரண்டும் இல்லையெனில், தொழில்கொள்வோரின் பெயர், வேலை செய்த ஆண்டுகள், தேசிய அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றுடன் திருகோணமலைத் தொழில் காரியாலயத்தில் எழுத்துமூலம் விண்ணப்பியுங்கள். அடையாள அட்டை வழக்கத்துக்கு வந்தது 1970களில்தான் என்பதால், அதற்கு முற்பட்ட கணக்குகள் பெயரையும் இலக்கத்தையும் மட்டுமே நம்பியிருக்கின்றன. ஒருவர் மூன்று இடங்களில் வேலை செய்திருந்தால், மூன்று அங்கத்துவ இலக்கங்கள் இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

பேரில பிழை இருக்கு. "அப்பிடி ஒரு ஆள் இல்லை" எண்டு சொல்லிட்டினம்.

எனக்கும் ஓர் அலுவலகத்தில் இதையே சொன்னார்கள். ஆள் இருந்தார், நான் கொடுத்த எழுத்துக்கூட்டல்தான் அங்கே இல்லை. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரே முன்னெழுத்தாகிறது. ஆங்கிலேய முகாமையாளர் ஒருவர் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய பெயர், பிற்காலத்தில் சிங்களத்தில் பெயர்த்தெழுதப்பட்டு, அங்கிருந்து மீண்டும் ஆங்கிலத்துக்கு வரும்போது, ழகரமும் ஞகரமும் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. முன்னெழுத்து முன்னே வரும், பின்னே வரும், சில வேளை தந்தையின் பெயரே ஊழியரின் பெயராகப் பதிவாகிவிடும்.

ஆகவே விண்ணப்பத்தில் ஒரு பெயரை மட்டும் எழுதாமல், சாத்தியமான எல்லா எழுத்துக்கூட்டல்களையும், வேலைத்தலத்தில் வழங்கிய பட்டப்பெயரையும், பிறந்த திகதியையும் எழுதுங்கள். தேவைப்படும்போது, இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்கலாம்.

வேலை செய்தது அப்பா இல்லை, அம்மா. கரும்புத் தோட்டத்தில நிண்டவ. அவவைத் தேட ஏலுமோ?

ஏலும், ஆனால் கடினம். கரும்பு வெட்டவும் களை பிடுங்கவும் நின்ற பெண்களில் பெரும்பாலோர் நாட்கூலிகள். அவர்களின் பெயர் இருந்தால் செக்ரோல் எனப்படும் நாட்கூலிப் பெயர்ப் பதிவேட்டில்தான் இருந்திருக்கும். பெண்களின் முன்னெழுத்து திருமணத்துக்கு முன் தந்தையுடையதாகவும் பின் கணவருடையதாகவும் இருப்பதால், முந்தைய பதிலில் சொன்ன எழுத்துக்கூட்டல் சிக்கல் அவர்களுக்கு இரட்டிப்பாகிறது. இரண்டு பெயர்களிலும் தேடச் சொல்லுங்கள். பிள்ளைகளின் பிறப்புப் பதிவில் தாயின் தொழில் இராது என்பதால், அங்கே ஏமாற்றமே மிஞ்சும். உடன் வேலை செய்த பெண்களின் நினைவையே அதிகம் நம்ப வேண்டியிருக்கும். அதை அவர்கள் இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும்.

கொம்பனியில கேட்டால் "எங்கட லிஸ்டில இல்லை" எண்டினம். ஆனால் அப்பா ஒவ்வொரு நாளும் அந்தக் கேற்றுக்குள்ளதான் போனவர்!

இந்தப் பக்கத்தில் நான் மிகவும் சொல்ல விரும்புவது இதைத்தான். வேலை செய்த இடம் வேறு. சம்பளம் கொடுத்தவர் வேறு. என் தந்தையின் கதையும் இதுவே. அவர் ஒரு பெரிய தொழிற்சாலையின் வாயிலுக்குள் இருபது ஆண்டுகள் நுழைந்து வெளியேறினார்; அதன் இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டினார்; அதன் தூசியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆனால் அந்தத் தொழிற்சாலையின் ஊழியர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவர் பராமரிப்பு வேலையைக் கொந்தராத்து எடுத்த ஒரு சிறு நிறுவனத்தின் ஆள். நான் பல மாதங்கள் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

கப்பலில் மூடை இறக்குதல், கொதிகலன் துப்புரவு, வர்ணம் பூசுதல், வெல்டிங், லொறி ஓட்டம் ஆகிய வேலைகள் கொந்தராத்துக்காரரின் கையில் இருப்பது வழக்கம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "அப்பா எங்கே வேலை செய்தார்" என்பதன்று. "சம்பள நாளில் காசை யார் கையால் வாங்கினார்" என்பதே. கங்காணி ஒருவரின் கையால் கடித உறையில் வாங்கினார் என்றால், அந்தக் கங்காணி யாருடைய ஆள் என்று தேடுங்கள். வாயிலில் நுழைவு அனுமதி அட்டை வழங்கிய பதிவு தொழிற்சாலையிடம் இருந்திருக்கக் கூடும். எனவே கடிதம் எழுதும்போது "உங்கள் ஊழியரா" என்று மட்டும் கேட்காமல், "குறித்த ஆண்டுகளில் உங்கள் வளாகத்தில் பராமரிப்புக் கொந்தராத்து எடுத்தவர்கள் யார்" என்றும் கேளுங்கள்.

பழைய ஆக்களை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? என்ன கேக்கிறது?

அலுவலகங்களுக்குப் போகும் முன்னரே இதைச் செய்திருக்க வேண்டும் என்று நான் இன்று நினைக்கிறேன். கோப்பு இன்னும் பத்து ஆண்டு இருக்கும். எண்பது வயது மனிதர் இருப்பாரா என்று சொல்ல முடியாது. பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவிலும், பள்ளிவாசல் முற்றத்திலும், சந்தைக் கடையிலும் விசாரியுங்கள். அந்த ஆலைகளில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே ஷிப்டில் நின்றார்கள். டொக்யாட் காலத்தில் மலையாளிகளும் இருந்தார்கள். உங்கள் தந்தையை நன்கு அறிந்தவர் இன்று கந்தளாயிலோ கிண்ணியாவிலோ இருக்கலாம். தந்தையின் முழுப்பெயரைச் சொன்னால் தெரியாது என்பார்கள். பட்டப்பெயரையும் சைக்கிளின் நிறத்தையும் சொன்னால் எழுந்து உட்காருவார்கள்.

"எப்படி இருந்தது" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். எந்த வாயிலால் நுழைந்தீர்கள், சங்கு எத்தனை மணிக்கு ஊதியது, சோற்றுப் பார்சலை எங்கே இருந்து சாப்பிட்டீர்கள், கருவிகளை எங்கே கையெழுத்திட்டு எடுத்தீர்கள் என்று கேளுங்கள். நான் கடைசியாகக் கேட்ட கேள்விதான் எனக்கு வழி திறந்தது. தந்தையுடன் நின்ற ஒரு முதியவரிடம் ஸ்பேனரைக் கொடுத்தபோது, அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஸ்டோரில கொடுத்த டிக்கட் நம்பர் தம்பி. என்ர 209" என்றார். அந்த வரிசை எண்கள் முழுவதும் ஒரே கொந்தராத்துக்காரரின் ஆட்களுக்குரியவை என்பதையும், அந்த நிறுவனத்தின் பெயரையும் அவரே சொன்னார்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில கேக்கலாமோ?

அரச நிறுவனங்களிடம் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. அரச திணைக்களங்களும் கூட்டுத்தாபனங்களும் மட்டுமன்றி, அரசு நூற்றுக்கு 25 அல்லது அதற்கு மேற்பட்ட பங்கை வைத்திருக்கும் கம்பனிகளும் அதற்குள் அடங்கும். எனவே கனிய மணல் கம்பனியிடமும் துறைமுக அதிகார சபையிடமும் கேட்கலாம். முழுவதும் தனியாருக்குரிய ஆலையிடம் இந்தச் சட்டத்தைக் காட்ட முடியாது. அங்கே பணிவான கடிதமே வழி. ஆயினும் தனியார் நிறுவனம் பற்றித் தொழில் திணைக்களத்திடம் உள்ள பதிவைத் திணைக்களத்திடம் கேட்பதற்குத் தடையில்லை.

தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு உண்டு. "தனிப்பட்ட தகவல்" என்று மறுக்கப்படாதிருக்க, தந்தை உயிருடன் இருந்தால் அவருடைய எழுத்துமூலச் சம்மதத்தையும், காலமாகியிருந்தால் இறப்புச் சான்றிதழையும் உங்கள் பிறப்புச் சான்றிதழையும் இணையுங்கள். "என் தந்தை பற்றிய எல்லாத் தகவலும்" என்று கேட்காமல், "1968 முதல் 1974 வரையான சம்பளப் பதிவேட்டில் இப்பெயர் உள்ளதா" என்பது போலக் குறுக்கிக் கேளுங்கள்.

நான் கனடாவில. அங்க வராமல் செய்ய ஏலுமோ?

பெரும்பகுதியைச் செய்யலாம். ஆனால் தகவல் அறியும் உரிமை இலங்கைப் பிரசைகளுக்குரியது. பிரசாவுரிமையை விட்டுவிட்டவர், ஊரிலுள்ள உடன்பிறந்தவரைக் கொண்டு அவர் பெயரிலேயே விண்ணப்பிப்பது எளிது. பணம் சம்பந்தப்பட்ட வேலைகளுக்கு அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்பட ஒருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) தேவைப்படும். அதை முன்பின் தெரியாத தரகருக்கு எழுதிக் கொடுக்க வேண்டாம். இதை மிகுந்த கவலையுடன் சொல்கிறேன்.

தேடினால் காசு ஏதும் வருமோ?

வரலாம், அந்த எதிர்பார்ப்பில் தவறில்லை, அது அவர்களின் உழைப்பு. சேமலாப நிதியில் பெறப்படாத மீதி இருந்தால், அங்கத்தவர் காலமான பின் அவர் பெயர் குறித்தவரோ சட்டபூர்வ வாரிசுகளோ கோரலாம். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி தனியானது. அதையும் சேர்த்துக் கேளுங்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 பேருக்குக் குறையாத ஊழியர்களைக் கொண்ட இடத்தில் ஐந்து ஆண்டு சேவை முடித்தவருக்குப் பணிக்கொடை உரியது. மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம். அது கொடுபடாமல் போயிருந்தால், இவ்வளவு காலத்தின் பின் என்ன செய்யலாம் என்பதைத் தொழில் காரியாலயத்திலோ சட்டத்தரணியிடமோ கேட்டறிய வேண்டும்.

அந்த இடத்தை உள்ள போய்ப் பார்க்க விடுவினமோ?

டொக்யாட் இன்றும் கடற்படைத் தளம். முன்னனுமதியின்றிப் போக முடியாது. தனியார் ஆலைகளுக்கு முகாமையாளரின் பெயருக்கு, எந்த நாளில் எத்தனை பேர் என்று குறிப்பிட்டு எழுதினால், சில வேளை அன்பாக அனுமதிக்கிறார்கள். படம் எடுப்பதற்கு முன் கட்டாயம் கேளுங்கள்.

அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில நெஞ்சு வருத்தம். வேலையாலயோ?

இதை மருத்துவர் மட்டுமே சொல்ல முடியும். ஆனால் மருத்துவருக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது "சீமெந்தில் வேலை" என்ற சொல்லன்று. எந்தப் பொருளின் தூசி, எத்தனை ஆண்டு, மூடிய இடமா திறந்த வெளியா, முகத்துக்குத் துணி கட்டினாரா என்ற விவரங்களே தேவை. பழைய கப்பல் திருத்தும் இடங்களிலும் கொதிகலன் அறைகளிலும் வெப்பம் காக்க அஸ்பெஸ்டஸ் பயன்பட்டது. அதனால் வரும் நோய் பல பத்தாண்டுகளின் பின்னரே வெளிப்படும். உங்கள் தந்தை இன்னும் இருக்கிறார் என்றால், தேடலில் வேறெதையும் விட இந்த விவரத்தை முதலில் எழுதி வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். அவருடைய உடுப்பைத் தோய்த்த தாயாரின் மூச்சையும் கவனிக்கச் சொல்லுங்கள்.

புத்தகம், பேப்பர் ஏதும் இருக்கோ?

நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துச் சிறப்பு மலர்களும் பழைய பத்திரிகைகளும் தமிழில் தேடக்கூடியனவாக உள்ளன. கோயில், பாடசாலை, சனசமூக நிலைய மலர்களில் வரும் விளம்பரங்களையும் நன்கொடையாளர் பட்டியல்களையும் பாருங்கள்; அக்காலத்துக் கொந்தராத்து நிறுவனங்களின் பெயர்கள் அங்கேதான் அகப்படும். கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய வர்த்தமானிகளும் நிர்வாக அறிக்கைகளும் உண்டு.

அப்பா சொன்னது ஒண்டு, பதிவில இருக்கிறது வேற ஒண்டு. எதை நம்பிறது?

இரண்டையும் எழுதி வையுங்கள். "போர்மன்" என்று வீட்டில் சொல்லப்பட்டவர் பதிவில் "கூலி" என்று இருப்பது அவர் பொய் சொன்னார் என்பதற்குச் சான்றாகாது. எழுத்தர் ஒருவர் எல்லோரையும் கூலி என்றே எழுதியிருக்கலாம். உண்மையில் போர்மனின் வேலையைச் செய்தவருக்கு அந்தப் பதவியைக் கொடுக்காமல் விட்டிருக்கலாம். கொந்தராத்து ஆட்களுக்கு இது மிகச் சாதாரணமாக நடந்தது. பதிவைச் சம்பளத்துக்கும் திகதிக்கும் நம்புங்கள். அவர் கையால் என்ன செய்தார் என்பதற்கு உடன் நின்றவர்களைக் கேளுங்கள்.

எல்லாம் தேடியும் ஒண்டும் கிடைக்கேல்லை. பிறகென்ன?

கிடைத்ததை ஒரு தாளில் எழுதுங்கள்: பெயரின் எல்லா எழுத்துக்கூட்டல்களும், ஆண்டுகள், இடம், சம்பளம் கொடுத்தவர், இலக்கங்கள், ஒவ்வொன்றையும் யார் சொன்னார், எந்த நாளில் சொன்னார் என்பதும். எந்த அலுவலகத்தில் "இல்லை" என்றார்கள் என்பதையும் எழுதுங்கள். அடுத்து தேடுபவர் அந்தப் படியை மீண்டும் ஏற வேண்டியதில்லை. பிரதியொன்றை உடன்பிறந்தோருக்குக் கொடுங்கள். என் தந்தையின் தாளில் மூன்று வரிகள் இன்னும் வெறுமையாக உள்ளன. 209ஆம் இலக்கக்காரர் தமக்குத் தெரிந்த இன்னொருவர் மூதூரில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். வரும் ஞாயிறு அந்த ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு அங்கே போகவிருக்கிறேன்.